மங்கா ஓவியத்தில் மனித உருவம்

பாடசாலைப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளைப் பின்புறமாகத் திறந்து பார்ப்பின், கேத்திரகணிதத்துக்கும் சரித்திரக் குறிப்புகளுக்கும் அப்பால், அகன்ற விழியும் கூரிய நாடியும் காற்றிலெழுந்த தலைமயிரும் உடைய முகமொன்று நம்மை நோக்கி நிற்பதைக் காணலாம். யப்பானியச் சித்திரக்கதையாகிய மங்காவும், அதன் அசையும் உடன்பிறப்பாகிய அனிமேயும் இந்நாட்டு இளைஞர் கையில் விட்டுச்சென்ற அடையாளம் அது. அம்முகத்தைச் சற்றே ஆராய்வோர்க்கு ஓருண்மை விளங்கும். பத்து முகங்கள் வரையப்பட்டிருப்பின் அவற்றுள் ஒன்பது ஒரே பக்கம் நோக்கித் திரும்பியிருக்கும். கழுத்தின்கீழ் உடல் பெரும்பாலும் இராது. இருப்பின், கைகள் முதுகின் பின்னே கட்டுண்டோ, காற்சட்டைப் பையினுட் புகுந்தோ மறைந்திருக்கும். பாதங்களோ தாளின் விளிம்பால் வெட்டுண்டு போயிருக்கும்.

வரைந்தவன் சோம்பேறியல்லன். அந்த ஒரு முகத்தை நூறுமுறை பார்த்தெழுதி மனனஞ் செய்துள்ளான். மனனஞ் செய்த செய்யுளை நடுவடியிலிருந்து தொடங்கச் சொன்னால் இடறும் பிள்ளையைப் போல, அதே முகத்தை அண்ணாந்து பார்க்கச் செய்யெனின் அவன் கை நின்றுவிடுகிறது. இந்நிலையில் ஈராண்டு மூவாண்டு உழன்றபின் தனக்குக் கைவரவில்லையென்று பென்சிலை வைத்துவிட்டுப் போவோர் பலர். அவர்கள் போகவேண்டிய அவசியமில்லை. அவர்களிடம் இல்லாதது திறமையன்று, கற்கும் ஒழுங்கே. அவ்வொழுங்கு யாதென்பதை இயன்ற மட்டிற் சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மங்கா என்னும் சொல் மனம் போனவாறு கட்டின்றி எழுந்த படம் என்னும் பொருளது. அச்சொல்லை உலகறியச் செய்தவர் ஹொக்குசாய் என்னும் பேரோவியர் ஆவர் (1760–1849). 1814இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய மங்காத் தொகுதிகள் பதினைந்து. கடைசித் தொகுதி அவர் இறந்து பல்லாண்டு கழித்து 1878இல் வெளிவந்தது. அவற்றிற் கதையில்லை. மல்லர், கூலியாட்கள், நீராடுவோர், கொழுத்தோர், மெலிந்தோர், தும்முவோர், தூங்குவோர் என மனித உடல் எடுக்கக்கூடிய நிலைகள் யாவும் தாள் நிறையச் சிதறிக் கிடக்கும். மாணாக்கர் பார்த்துப் பயில்வதற்கென அச்சிட்ட மாதிரிப் படங்களாகவே அவை பயன்பட்டன. அதற்கு ஈராண்டு முன்னர், 1812இல், அவர் வெளியிட்ட இன்னொரு சிறு பாடநூல் நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. வட்டத்தாலும் சதுரத்தாலும் தொடங்கி எவ்வுருவையும் விரைவில் வரையும் வழியை அந்நூல் கற்பித்தது. கவராயமும் அளவுகோலும் அதற்குப் போதும். இன்றைய மங்காப் பயிற்சி நூல்கள் தலையை வட்டமாகவும் மார்பைப் பெட்டியாகவும் வரையத் தொடங்குவதை மேனாட்டு வழக்கமென்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

இன்று நாம் மங்கா என்று வழங்கும் சித்திரக்கதையின் முறைமையை நாட்டியவருள் முதன்மையாகக் கொள்ளத்தக்கவர் ஒசாமு தெசுக்கா (1928–1989). 1947இல் வெளிவந்த அவரது புதையற்றீவுக் கதையும், 1952இல் சஞ்சிகையொன்றிற் தொடங்கிய இயந்திரச் சிறுவன் அத்தோமுவின் கதையும் யுத்தத்தால் நொந்திருந்த யப்பானியப் பிள்ளைகளைக் கவர்ந்தன. அவர் வளர்ந்த ஊர் தக்கராசுக்கா. பெண்களே ஆண்வேடமும் பூண்டு நடிக்கும் புகழ்பெற்ற நாடக அரங்கு அவ்வூரிலுண்டு. அரங்கின் விளக்கொளியில் மின்னிய மைதீட்டிய கண்களும், வால்ற் டிஸ்னியின் சலனப்படங்களிற் கண்ட உருண்ட வடிவங்களும் அவர் கையில் ஒன்றாயின. பெரிய விழி மங்காவுக்கு வந்த வழி இது.

இந்தத் தெசுக்கா பட்டம் பெற்ற வைத்தியர் என்பதைப் பலர் அறியார். ஒசாக்காப் பல்கலைக்கழகத்தில் வைத்தியங் கற்று, 1961இல் நாராவிலுள்ள வைத்தியக் கல்லூரியிற் கலாநிதிப் பட்டமும் பெற்றவர். மனித உடலை அறுத்துப் பார்த்துக் கற்ற ஒருவர், எலும்பேயில்லாதன போன்ற குழாய்க் கைகளையும் பந்துத் தலைகளையும் வரைந்தார். தாம் வரைவன ஓவியங்கள் அல்ல, எழுத்துப்போன்ற குறிகளே என்று பின்னாளில் அவர் கூறியதுண்டு. வியப்பால் விரிந்த விழி ஒரு குறி. நெற்றியில் துளிக்கும் வியர்வை ஒரு குறி. அவற்றைச் சேர்த்துச் சொற்றொடர் அமைப்பதுபோலக் கதை சொன்னார். இக்கூற்றைத் துணைக்கொண்டு, மங்கா வரைவோனுக்கு உடலமைப்பறிவு வேண்டாம் என்று வாதிப்போர் உளர். அவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. எதனை விடலாம், எதனை விடலாகாது என்று அறிந்தவனே குறியை ஆக்கவல்லான். அறியாதவன் பிறர் ஆக்கிய குறியைத் திருப்பி எழுதவே வல்லான். அக்குறி ஒருபுறம் திரும்ப மறுத்தவுடன் அவன் திகைப்பான். கொப்பியின் பின்புறத்து முகம் ஒரே பக்கம் பார்த்திருப்பதன் காரணம் இதுவே.

மேலும், தெசுக்காவின் உருண்ட வழியே மங்கா முழுவதும் அன்று. 1957இல் யொஷிஹிரோ தற்சுமி என்பவர் வளர்ந்தோர்க்குரிய கடுமையான கதைகளுக்குக் கெக்கிகா என்று வேறு பெயரிட்டார். அவ்வழி வந்தோர் மெய்யுடலை நாடினர். 1982இற் தொடங்கிய கற்சுஹிரோ ஓதோமோவின் அக்கிரா என்னும் படைப்பில் விழிகள் சிறியன. முகங்கள் தெருவிற் காணும் யப்பானியர் முகங்கள். 1990 முதல் 1996 வரை வெளிவந்த தக்கெஹிக்கோ இனோவேயின் கூடைப்பந்தாட்டக் கதையில், ஓடித் தாவும் இளைஞர் ஒவ்வொருவரின் தோளும் தொடையும் வெவ்வேறு கனமுடையனவாகத் தோன்றும். ஹிரோஹிக்கோ அராக்கியின் உருவங்களில் இத்தாலியச் சிற்பங்களின் முறுக்கமுண்டு. ஆதலின் மங்கா உடல் என்று ஒன்றில்லை. மங்கா உடல்கள் பல உள. அவை யாவற்றிற்கும் பொதுவான அடிப்படையையே மாணவன் முதலிற் கற்றல் வேண்டும்.

அவ்வடிப்படையில் முதலாவது அளவு. யப்பானியர் உடலின் உயரத்தைத் தலையின் எண்ணிக்கையாற் குறிப்பர். உச்சி முதல் நாடி வரையுள்ள நீளம் ஒரு தலை. வளர்ந்த மனிதர் ஏறத்தாழ ஏழு முதல் ஏழரைத் தலை உயரமுடையர். ஒரு வயதுக் குழந்தை நாலு தலை. மூன்று வயதிற் சுமார் ஐந்து. எட்டுத் தலை என்பது இயற்கையிலும் சற்று மிகுத்த அழகுருவம். 1953இல் நடந்த உலக அழகிப் போட்டியொன்றில் யப்பானிய நங்கையொருத்தி மூன்றாமிடம் பெற்றபோது எட்டுத்தலை அழகி என்னும் தொடர் அந்நாடெங்கும் பரவியது. அளவை சித்திரகாரரின் அறையிலிருந்து சந்தை வரை வந்துவிட்டது. மங்காவில் வீரர் ஏழு எட்டுத் தலையாகவும், பாடசாலைப் பிள்ளைகள் ஆறு தலையளவிலும், நகைச்சுவைக் குறுஉருவங்கள் இரண்டு மூன்று தலையாகவும் வரையப்படுவர். அக்கிரா தொரியாமா 1980இற் தொடங்கிய தம் முதற் பெருங்கதையிற் குறுகிய உருவங்களையே கையாண்டு, 1984இற் தொடங்கிய டிராகன் போலிற் சிறுவனாய் வந்த வீரனைக் கதை வளர வளர நெடிய ஆடவனாக்கினார். உயரத்தின் எண் மாறுவதால் வயதும் கதையின் தொனியும் ஒருங்கே மாறுவதை அங்கே காணலாம்.

நம் சிற்பநூல்களும் உடலை இவ்வாறே தாளத்தால் அளப்பன என்பது இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. ஐந்து தாளத்திற் கணபதி, 124 அங்குலங்கொண்ட உத்தம தசதாளத்தில் தலைமைத் தெய்வங்கள் என வகுத்துள்ளனர். ஆயினும் சிற்பத் தாளம் முகத்தை அடிப்படையாகக் கொள்வது. யப்பானியர் கொள்வது மண்டையும் உட்பட்ட முழுத்தலையை. இரண்டன் எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. முறை ஒன்று என்பது மட்டுமே கொள்ளத்தக்கது.

எட்டுத்தலை உருவொன்றை வரையும் மாணவன் தாளில் ஒன்பது கிடைக்கோடுகளைச் சம இடைவெளியிற் கீறுக. முதற்கோடு உச்சி, இரண்டாவது நாடி. அதற்கடுத்த கோட்டில் மார்புக் காம்புகளும், நான்காவதிற் கொப்பூழும், ஐந்தாவதில் தொடைகள் பிரியும் கவடும் அமையும். உடலின் சரிபாதி கொப்பூழன்று, கவடே என்பதைக் கவனிக்க. பெரும்பாலான தொடக்கக்காரர் கால்களைக் குட்டையாக வரைவதன் காரணம் இதனை அறியாமையே. ஏழாவது கோட்டுக்கு அண்மையில் முழங்கால், ஒன்பதாவதில் உள்ளங்கால். தொங்கவிட்ட கையின் முழங்கை இடுப்பின் ஒடுங்கிய பகுதிக்கும், மணிக்கட்டுக் கவட்டுக்கும், விரல் நுனிகள் நடுத்தொடைக்கும் வரும். முன்கையின் நீளமும் பாதத்தின் நீளமும் ஏறக்குறையச் சமம். விரித்த கைகளின் அகலம் உயரத்துக்குச் சமம். இவ்வளவுகளை மனத்திற் பதித்தபின் கோடுகளைக் கைவிடுக. நிமிர்ந்து நிற்கும் பொம்மைக்கன்றி வேறெதற்கும் அவை உதவா. குனிந்தவனையும் கிடந்தவனையும் கோட்டுச்சட்டத்துள் அடைக்க முயன்று சலித்தோர் அனேகர்.

உயிருள்ள உருவம் அளவிலிருந்து பிறப்பதில்லை, அசைவிலிருந்து பிறப்பது. எவ்வுருவையும் வரையுமுன் அவ்வுருவின் முழு இயக்கத்தையும் தலை முதற் பாதம் வரை ஓடும் ஒரே வளைகோட்டாற் குறித்தல் வேண்டும். பந்தெறிபவனுக்கு அது வில். சோர்ந்தவனுக்கு அது தொய்ந்த கயிறு. அசைவூட்டுவோர் இதனைச் செயற்கோடு என்பர். முதல் அரை நிமிடத்தில் இக்கோடு அமையாத படம் பின்னர் எத்தனை நுணுக்கம் ஏற்றினும் மரப்பாவையாகவே நிற்கும். சட்டைப் பொத்தானையும் காலணிக் கயிற்றையும் நுட்பமாகத் தீட்டி, உடலை விறைக்க விட்ட படங்கள் எத்தனையோ!

கோட்டின்மேல் இரு பெட்டிகளை ஏற்றுக. ஒன்று விலாவெலும்புக் கூடு, மற்றது இடுப்பெலும்பு. உடலின் நடுப்பகுதியில் வளையாத உறுப்புகள் இவ்விரண்டே. இவற்றை இணைக்கும் முள்ளந்தண்டும் வயிறுமே வளைவன, முறுக்குண்பன, மடிவன. மார்பையும் இடுப்பையும் சேர்த்து ஒரே நீண்ட பெட்டியாக வரைபவனுக்கு உடல் என்றும் திரும்பாது. பெட்டிகளை வெவ்வேறாக்கி, மேலதை ஒருபுறமும் கீழதை மறுபுறமும் சரித்துவிட்டாற் போதும். தாளிலிருந்து ஒருவன் எழுந்து நிற்பான். ஒற்றைக் காலில் எடையைத் தாங்கி நிற்பவனை உற்று நோக்குக. தாங்கும் காலின் பக்கத்து இடுப்பு உயரும். அதே பக்கத்துத் தோள் தாழும். கழுத்துக் குழியிலிருந்து தூக்குநூல் விட்டால் அது தாங்கும் பாதத்தின் கணுவருகே விழும். நம் சிற்பிகள் திரிபங்கம் எனப் பெயரிட்ட நிலையிலும் கிரேக்கச் சிலைகளிலும் இவ்விதியே நிலவுகிறது. நாயகன் தோளில் வாளைச் சாய்த்து நிற்கும் மங்காப் பக்கத்திலும் இதுவே. பஸ் தரிப்பிடத்திற் காத்துநிற்போரைப் பார்ப்பவனுக்கு இதற்கு வேறு ஆசிரியன் வேண்டாம்.

கைகால்களை உருளைகளாகக் கொள்க. எனினும் உருளையின் இருபுறக் கோடுகளும் ஒன்றற்கொன்று கண்ணாடி நிழல்போல அமைந்தால் ரொட்டிக்கு மா உருட்டும் கட்டையாகிவிடும். கெண்டைக்காலின் வெளிப்புறப் புடைப்பு உயர்ந்தும், உட்புறப் புடைப்புத் தாழ்ந்தும் இருக்கும். கணுவிலோ இது மாறி, உட்கணு உயர்ந்தும் வெளிக்கணு தாழ்ந்தும் இருக்கும். இவ்வொரு சிறு உண்மை கற்றவனது காலுக்கும் கல்லாதவனது காலுக்கும் உள்ள வேற்றுமையைத் தூரத்திலிருந்தே காட்டிவிடும். முன்கையில் எலும்புகள் இரண்டு. உள்ளங்கை மேனோக்கும்போது அவை பக்கம்பக்கமாகக் கிடக்கும். கீழ்நோக்கித் திருப்பும்போது ஒன்று மற்றதன்மேற் குறுக்கே விழும். முன்கையின் வடிவம் திருப்புந்தோறும் மாறுவதன் காரணம் அது. தசைகளின் பெயர்களையெல்லாம் மனனஞ் செய்யவேண்டுமென்று நான் சொல்லேன். வைத்திய மாணவனுக்கு அது ஆகும். மூட்டு எங்கே, எத்திசையில் மடியும், எவ்வளவு மடியும் என்னும் மூன்றும் அறிந்தாற் சித்திரகாரனுக்குப் பெரும்பாலும் போதும்.

காற்சட்டைப் பையினுள் ஒளித்த கைகளை இனி வெளியே எடுப்போம். கையின் முதுகுப்புறத்தைப் பார்க்கின், நடுவிரலின் நீளம் கையின் மொத்த நீளத்திற் பாதி. விரல்மொழிகள் நேர்கோட்டில் இல்லை, வில்போல் வளைந்துள்ளன. பெருவிரல் மற்றை நான்கும் நிற்கும் தளத்தில் நில்லாது பக்கவாட்டிற் திரும்பி நிற்கிறது. முதலில் உள்ளங்கையை ஐங்கோணத் தகடாகவும், நான்கு விரல்களையும் சேர்த்து ஒரே கையுறைபோலவும் வரைந்து, பின்னரே விரல்களைப் பிரித்தல் நன்று. விரலை ஒவ்வொன்றாக வரைந்து வருபவன் வாழைச்சீப்பில் வந்து முடிப்பான். மாதிரிக்கு எங்கும் அலையவேண்டியதில்லை. வரையாத கை எப்பொழுதும் அவனுடன் உள்ளது. நாளுக்கு மூன்று கைகள் வரைந்தால் ஆண்டொன்றில் ஆயிரத்துக்கு மேலாகும்.

முகத்துக்கு வருவோம். அதனைப் பிந்தி வைத்தது வேண்டுமென்றே. மெய்யான தலையிற் கண்கள் உயரத்தின் சரிநடுவே உள்ளன. தலையின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண்ணகலம். மங்காவிற் கண்வரை நடுவுக்குக் கீழே இறங்கும், கண் பெருக்கும், மூக்கு ஒரு புள்ளியாகவோ சிறு நிழலாகவோ ஒடுங்கும், வாய் ஒரு கோடாகும். இம்மாற்றம் ஏன் நம் உள்ளத்தைத் தொடுகிறது? உயர்ந்த நெற்றி, முகத்திற் தாழ அமைந்த பெரிய கண், உப்பிய கன்னம், சிறிய மூக்கு ஆகியன குழந்தை முகத்தின் இலக்கணங்கள் என்றும், அவை காண்போரிடத்துப் பேணும் உணர்வை எழுப்புவன என்றும் ஒஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரென்ஸ் 1943இல் எழுதினார். மங்கா முகம் அக்குழந்தை இலக்கணத்தை வளர்ந்த உடலின்மேல் ஏற்றுகின்றது. ஆகவே, கொடியவனையும் முதியவனையும் வரைகையிற் கண்ணைச் சிறிதாக்கி, மூக்கை நீட்டி, கண்வரையை மேலேற்றுவர். கண்ணின் அளவு வெறும் அலங்காரமன்று. பாத்திரத்தின் குணத்தையும் வயதையும் சொல்லும் குறி.

கண் எத்துணைப் பெரிதாயினும் அது உருண்டையின் மேற்பரப்பில் இருப்பது என்பதை மறத்தலாகாது. தலையை உருண்டையாக வரைந்து, முகத்தின் நடுவே நிலைக்கோடொன்றும் கண்களூடாகக் கிடைக்கோடொன்றும் அவ்வுருண்டையைத் தழுவி வளையுமாறு இடுக. முகம் மேனோக்கிற் கிடைக்கோடு மேல்நோக்கி வளையும். கவிழ்ந்தாற் கீழ்நோக்கி வளையும். பக்கம் திரும்பிய முகத்திற் தூரத்துக் கண் ஒடுங்கும். முழுப் பக்கத் தோற்றத்திற் கண் ஏறத்தாழ முக்கோணமாகிவிடும். காது தலையின் நடுக்கோட்டுக்குப் பின்னே நிற்கும். பின்மண்டை மாணவர் பெரும்பாலும் வெட்டிவிடுவதைக் காட்டிலும் எவ்வளவோ அகன்றது. மேலிமைக் கோடு தடித்தும் கீழிமைக் கோடு மெலிந்தும் இருத்தல் வழக்கம். விழியிற் தெறிக்கும் ஒளிப்புள்ளி இரு கண்ணிலும் ஒரே பக்கத்தில் விழவேண்டும். வெளிச்சம் ஒரு திசையிலிருந்துதானே வருகிறது. தலைமயிரை மண்டையோடு ஒட்ட வரையாது, முதலில் மொட்டைத் தலையை வரைந்து, அதன்மேற் சற்று உயர்த்தி, உச்சிச் சுழியிலிருந்து கொத்துக் கொத்தாக விழவிடுக. மயிரை ஒவ்வொன்றாக எண்ணி வரைவது வீண்வேலை.

உடை பற்றிச் சிலவே சொல்லவேண்டும். உடலை முற்றாக வரைந்தபின்னரே உடையைப் போர்த்துக. மடிப்புகள் இழுபடும் இடத்திலிருந்து பிறக்கும். தோள், முழங்கை, கவடு, முழங்கால் என்பன அவ்விடங்கள். பிற மடிப்புகள் தேவையற்றன. ஆண் பெண் உருவ வேறுபாட்டையும் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆடவன் தோள் இரு தலையகலமும் அதற்குச் சற்று மேலும், பெண்ணின் தோள் அதனினும் ஒடுங்கும், இடுப்பெலும்பு அகலும். சில சஞ்சிகைகளில் இவ்வேறுபாடு கேலிக்கிடமாகும் அளவுக்குச் சென்றுவிடுவதை மாணவன் பின்பற்றாதிருத்தல் நன்று. ஒழுக்கம் ஒருபுறமிருக்க, சித்திரமாகவும் அது பிழை. அவ்வுடல்கள் முள்ளந்தண்டு முறியாமல் நிற்க மாட்டா.

மங்காவின் ஆரவாரத்துக்குப் பெரிதும் உதவுவது குறுக்கக் காட்சி. வாசகனை நோக்கி நீட்டிய முட்டி முகத்தைவிடப் பெரிதாகவும், தோள் அதன் பின்னே சிறிதாகவும் தோன்றும். இதனைக் கண்மட்டத்தில் ஊகித்தல் அரிது. கையை மூன்று நான்கு வளையங்களாகப் பகுத்து, கிட்டியது பெரிதாகவும் எட்டியது சிறிதாகவும், கிட்டியது எட்டியதை மறைக்குமாறும் வைத்து, பின்னர் புறக்கோட்டால் இணைக்குக. நீளத்தைக் காட்ட முயலாதே; மறைப்பைக் காட்டு. இவ்விதி ஒன்றைக் கைக்கொண்டாற் பறப்பவனும் உதைப்பவனும் தாமே அமைவர்.

அனிமேக்கு வரையும் உடல் மங்கா உடலிலிருந்து வேறுபடுவது கோடுகளின் எண்ணிக்கையில். சலனப்படத்திற் செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. அவ்வொவ்வொன்றுக்கும் புதுப்படம் வரைதல் பெருஞ்செலவு. 1963 சனவரி முதலாந் திகதி தொலைக்காட்சியில் வரத்தொடங்கிய அத்தோமுத் தொடருக்கு வாரந்தோறும் ஒரு பகுதி தரவேண்டியிருந்தமையால், தெசுக்காவின் கலைக்கூடம் ஒரு படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தியது. அசையா உடலில் வாயை மட்டும் அசைத்தது. முன் வரைந்த ஓட்டத்தையும் பறப்பையும் சேமித்து வைத்து மறுபடியும் வழங்கியது. வறுமையிற் பிறந்த இவ்வழக்கங்கள் பின் ஒரு பாணியாயின. மூன்று சட்டத்துக்கு ஒன்றெனினும் செக்கனுக்கு எட்டுப் படம் வேண்டும். அவற்றைப் பலர் கை வரையும். ஆகவே ஒவ்வொரு பாத்திரத்தையும் முன், பக்கம், பின் எனத் திருப்பிக் காட்டும் மாதிரித் தாள்கள் உண்டு. எல்லாப் பாத்திரங்களும் உயர வரிசையில் நிற்கும் தாளும் உண்டு. மாணவன் தன் கற்பனைப் பாத்திரத்துக்கும் இத்தகைய தாளொன்று ஆக்கிப் பார்க்கவேண்டும். முன்புறத்தில் அழகாய் நின்ற மயிர்க்கொத்து பின்புறத்தில் எங்கே முளைக்கிறதென்று தெரியாமல் அப்பொழுது விழிப்பான், அவ்விழிப்பு நன்மைக்கே.

கருவிகளைப் பற்றிக் கவலைப்படுவோர்க்கு ஒரு சொல். யப்பானியத் தொழிலாளர் 25.7 சென்ரிமீற்றர் அகலமும் 36.4 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட தடித்த தாளில், அழுத்தத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் ஓடும் உலோக நிப்பை மையிற் தோய்த்து வரைந்தனர். இன்று பலர் கணினித் திரையில் வரைகின்றனர். கற்பவனுக்குச் சாதாரணப் பென்சிலும் ஒருபக்கம் அச்சான பழைய தாள்களும் போதும். விலையுயர்ந்த தாள் கையை அஞ்சச் செய்யும்.

பார்த்தெழுதுதல் குற்றமா என்று மாணவர் கேட்பதுண்டு. குற்றமன்று, ஹொக்குசாயின் தொகுதிகளே அதற்கென எழுந்தவை. பார்த்தெழுதும் முறையிலேயே விடயம் உள்ளது. விருப்பமான படமொன்றை எடுத்து, அதன் புறக்கோட்டைப் பின்பற்றாது, அதனுள் மறைந்த செயற்கோட்டையும் இரு பெட்டிகளையும் உருளைகளையும் தேடி வரைக. பின்னர் மூலத்தை மூடிவைத்து, அதே உருவை வேறு பக்கத்திலிருந்து பார்ப்பதாக எண்ணி வரைக. ஒரு படத்தை இவ்வாறு செய்தல் நூறு படங்களைக் கோட்டுக்குக் கோடு எழுதுவதினும் மேல். இதனோடு மெய்யுடலையும் நோக்கவேண்டும். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து, ஓடுவோரையும் பந்தடிப்போரையும் அரை நிமிடத்துக்கொன்றாக இருபது உருவம் கிறுக்குக. அவற்றில் முகம் வேண்டாம், விரல் வேண்டாம். வகுப்பிற் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர், பூச்சாடியையும் பழத்தட்டையும் விட்டு மங்கா வரைகிறானே என்று மாணவனைக் கடிவதைக் காட்டிலும், அவன் வரைந்த நாயகனை எழுப்பி நாற்காலியில் இருத்திக் காட்டு என்று பணிப்பாராயின் இருவர்க்கும் பயன் மிகுதி. 2006இல் கியோத்தோ நகரத்துச் செய்க்காப் பல்கலைக்கழகம் மங்காவுக்கென ஒரு பீடத்தையே நிறுவியது. இக்கலையைப் பொழுதுபோக்கென்று தள்ளும் பெற்றோர்க்கு இத்தகவல் உதவக்கூடும்.

படம் முடிந்ததென்று எண்ணியவுடன் தாளைத் திருப்பி, யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்புறமாகப் பார்க்கவேண்டும். நேரே பார்த்தபோது மறைந்திருந்த கோணல்கள், ஒரு கண் ஏறி மறுகண் இறங்கியது, உடல் ஒருபுறம் சாய்ந்து விழப்போவது எல்லாம் வேறொருவன் வரைந்த படம்போல அப்பொழுது புலப்படும். புலப்பட்ட பிழையைத் தாளின் பின்புறத்திலேயே திருத்திக் கீறி, மறுபடி முன்புறம் திருப்பி, அத்திருத்தத்தின்மேற் கோடிடுக. யப்பானியச் சித்திரக்கதைக்காரர் பலரின் மேசையில் அடியிலிருந்து வெளிச்சம் தரும் கண்ணாடிப் பலகை இருப்பது இதற்கும் பயன்படுகிறது. நமக்கு யன்னல் போதும்.